நடுவில் நின்ற லீவர்

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. காலையில தூக்கினா மூச்சே இல்ல." பெரியவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை மெதுவாக மேஜைமேல் கிடத்தினார். கண் கலங்காத குறைதான்.

துண்டை விலக்கிய வாத்தியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே கிடந்தது ஒரு பழைய பேட்டரி டிரில்.

வாத்தியார் என்பது அந்த டூல்ஸ் கடையின் மூத்த சேல்ஸ்மேனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். யார் வந்தாலும் பாடம் நடத்துவார். வந்தவன் ஒரு மண்ணாந்தை என்பதை அவனுக்கே புரியவைத்த பிறகுதான் பில் போட அனுப்புவார்.

அன்றைக்குக் கூடுதல் வேகம். புதுக் கிளைக்கு யார் மேனேஜர் என்பதைச் சாயங்காலத்துக்குள் சொல்வதாக முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். இருப்பது ரெண்டே பேர், வாத்தியாரும் பில் போடும் அக்காவும். 'டிரில்லுக்கும் ஹேர் டிரையருக்கும் வித்தியாசம் தெரியாத அந்தம்மா எனக்குப் போட்டியா? தூ!' கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி பார்க்கிறார் என்பதை உறுதி செய்துகொண்டு, வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"இதை வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு பெரியவரே?"

"மூணு வருஷம் தம்பி."

"மூணு வருஷமா வெச்சிருக்கீங்க! டிரிக்கருக்கு மேல ஒரு லீவர் இருக்கே, இது எதுக்குன்னு தெரியுமா?"

"அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

கடையில் நின்ற நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். வாத்தியாருக்கு அந்தச் சிரிப்பு சர்க்கரையாக இனித்தது.

"இந்தப் பக்கம் தள்ளினா ஸ்க்ரூ உள்ள போகும். அந்தப் பக்கம் தள்ளினா வெளிய வரும். நடுவுல நின்னா லாக். உங்க லீவர் நடுவுல நிக்குது. மெஷின் சாகல, நீங்கதான் கழுத்தை நெரிச்சு வெச்சிருக்கீங்க!"

லீவரைத் தள்ளி அழுத்தினார். மெஷின் லேசாக முனகி அடங்கியது. "சார்ஜும் போடல! நல்லா வருவீங்க." ஷோவுக்கு வைத்திருந்த பெரிய மெஷினிலிருந்து புது பேட்டரியைக் கழற்றிப் பெரியவரின் டிரில்லில் மாட்டினார். 'விர்ர்'ரென்று கடையே அதிர்ந்தது.

"அடேங்கப்பா!" பெரியவர் வாயைப் பிளந்தார். "அப்படியே புதுசும் காட்டுங்களேன் தம்பி. வீட்டுல ஷெல்ஃப் மாட்டணும், கார் நிறுத்தற இடத்துல பரண் அடிக்கணும்."

வாத்தியார் சின்னதையும் பெரியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது சின்னது. கை வலிக்காது, மரத்துக்குப் போதும். ஆனா கான்கிரீட்ல வெச்சா அழுதுடும். இது பெரிசு. ஹேமர் இருக்கு, சுவத்துல குத்திக்கிட்டே துளைக்கும். உள்ள உரசித் தேயற கார்பன் இல்லாத மோட்டார், சீக்கிரம் சூடாகாது."

"எனக்கு எது தம்பி சரியா வரும்?"

"உங்களுக்கா? மேஜைக் கத்தியே அதிகம்."

மறுபடியும் சிரிப்பு. பெரியவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சொரணை கெட்ட ஜென்மம் என்று வாத்தியார் மனசுக்குள் காறித் துப்பினார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மெஷின் வெறும் உடம்பு, உயிர் பேட்டரியிலதான் இருக்கு. விலையில பாதி அதுக்குத்தான். ஒரே கம்பெனியில இந்த வரிசைன்னா எதை வேணா எதுல வேணா மாட்டலாம்."

"அப்ப இது அதுல போகுமா?"

"போகும்."

"அது இதுல?"

"போகும்யா! மாட்டிப் பாருங்க, கடிக்காது."

சொல்லிவிட்டு வாத்தியார் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனை பேர் லீவர் தெரியாமல் மெஷினைக் குப்பையில் போடுகிறார்கள் என்று கண்ணாடி அறைவரை கேட்கும்படி முழங்கினார். பின்னால் பெரியவர் மெஷினைப் பார்க்கக்கூட இல்லை. வாத்தியாரையே பார்த்துக்கொண்டு, ஒரே கையால் டக் டக்கென்று பேட்டரிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குப் புதுசே வேணாம் போலிருக்கே? லீவர்தான் கோளாறா?"

"கோளாறு லீவர்ல இல்ல பெரியவரே."

பெரியவர் டிரில்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ரெண்டு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார். "இதுங்களையெல்லாம் வெச்சுக்கிட்டு நாம காலம் தள்ள வேண்டியிருக்கு" என்றார் வாத்தியார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. முதலாளி கையில் புதுக் கிளையின் சாவிக் கொத்து. வாத்தியார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாப் பேசறே வாத்தியாரே. எங்க, அந்தப் பெரிய மெஷினை எனக்கும் ஒரு தடவை ஓட்டிக் காட்டு."

வாத்தியார் ஸ்டைலாகத் தூக்கி அழுத்தினார். லேசாக முனகி அடங்கியது. லீவரைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பேட்டரியைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கக் கீறல், விரிசலை மறைக்க ஒட்டிய பழைய டேப், ஓரத்தில் மரத்தூள். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

வாசலுக்கு ஓடினார். தெருவில் துண்டும் இல்லை, பெரியவரும் இல்லை. திரும்பி வந்தபோது சாவிக் கொத்து பில் மேஜைமேல் இருந்தது. முதலாளி அறைக்குள் போய்விட்டார்.

அக்கா காதிலிருந்து போனை எடுத்தாள். "பக்கத்துத் தெருக் கடையிலேர்ந்து இப்பத்தான் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு வாத்தியாரே" என்றவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நேத்து அங்கயும் லீவர் நடுவுலதான் இருந்துச்சாம்."