அதே நூற்று எண்பத்திரண்டு

"நூத்தி எண்பத்திரண்டு பவுண்டு, அண்ணே."

"இன்னைக்குமா? யோவ் செல்லக்கண்ணு, இது எடை மெஷினா, தகர டப்பாவா?"

பர்மாவில், தாகேதா சந்தை முனையில் எடை மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவன் செல்லக்கண்ணு. அதன்மேல் ஏறி நின்று கத்துகிறவர் சபாபதி. ஆறு மாதமாகத் தினமும் காலையில் இதே கூத்து. தொந்தி மறைப்பதால் முள் அவருக்குத் தெரியாது. குனிந்து பார்த்துச் சொல்வது செல்லக்கண்ணுதான்.

எடை பார்க்க வந்த இரண்டு பேர் சத்தத்தைக் கேட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

சபாபதிக்குச் சர்க்கரை வியாதி. மனுஷனுக்கு நடுவழி என்பதே கிடையாது. எடை கூடினால் வெறும் தேத்தண்ணீரோடு பட்டினி கிடப்பார். இருபது பவுண்டு இறங்கிவிட்டால் தலைகால் புரியாது. கொண்டாடிக் கொண்டாடியே இருபத்தைந்து ஏற்றிவிடுவார். நாலு வருஷத்தில் நாலு தடவை! ஒவ்வொரு தடவையும் சர்க்கரை முன்னைவிட மேலே போய் நின்றது.

"இப்படி ஏத்தி இறக்கி விளையாடினா உடம்பு சர்க்கரையை எப்படித் தாங்கும்? அடுத்தது இன்சுலின் ஊசிதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மனைவி தங்கமணி அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். ம்ஹும்.

கடைசியில் வந்து வாய்த்தது இந்தப் பாழாய்ப்போன மெஷின். தின்றாலும் அதே எண், தின்னாவிட்டாலும் அதே எண். கொண்டாடவும் வழியில்லை, பட்டினி கிடக்கவும் மனசில்லை. வெறுத்துப்போய், தங்கமணி தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, மெஷினோடு சண்டை போட மட்டும் தினமும் நடந்து வந்தார்.

நேற்று ரத்தப் பரிசோதனை. "இப்பத்தான் முதல் தடவையா சர்க்கரை இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

அதுதான் இன்றைக்குச் சபாபதியின் கோபம் உச்சிக்கு ஏறக் காரணம்.

"சர்க்கரை இறங்குமாம், எடை இறங்காதாமா? யாரை ஏமாத்துறே?"

மெஷினைவிட்டு இறங்காமலேயே, மீன் கூடையோடு போன பர்மாக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு முள்ளைப் பார்க்கச் சொன்னார்.

அவள் குனிந்து பார்த்துப் பர்மியில் சொன்னாள்: "நூற்று அறுபத்தெட்டு."

சபாபதி மெஷினைவிட்டு இறங்கி இடுப்பைத் தடவிப் பார்த்தார். கட்டுவது கைலி, இடுப்பு இளைக்க இளைக்க இழுத்துச் செருகிக்கொண்டதில் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

"அடப்பாவி! ஏன்யா பொய் சொன்னே?"

"தங்கமணி அக்கா வந்து அழுதாங்கண்ணே. முள்ளு எங்க நின்னாலும் ஒரே எண்ணைச் சொல்லச் சொன்னாங்க."

"ஆறு மாசமாத் தெருவே கேக்க உன்னைத் திருடன்னு திட்டினேனே! வந்த ஆளையெல்லாம் விரட்டினேனே! ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேய்யா?"

செல்லக்கண்ணு சிரித்தான்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே பிரியாணிக் கடைக்குப் போயிருப்பீங்கண்ணே."