கடைசிச் சக்கரம்

"அழுத்து."

லெஸ்டர் பெடலை அழுத்தினார்.

"பிடி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துடாத."

வலது பின்சக்கரத்தருகே ஸ்பேனர் திரும்பும் சத்தம். காலடியில் பெடல் மெல்லத் தரைவரை இறங்கியது. திருகு மூடிக்கொண்டது.

"இப்ப விடு," என்றார் ரூடி.

பிரேக் குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்றும் வேலை; காற்று இருக்கும்வரை பெடல் மெத்தென்று அமுங்கும். இன்ஜினைத் தனியாளாக இறக்கி ஏற்றியவர் ரூடி. தனியாளாகப் பெயின்ட் அடித்தவர். இன்று மதியம் வேலியோரம் வந்து நின்று, "இதுக்கு மட்டும் ரெண்டு ஆளு வேணும்யா. உன் காலைக் கொஞ்சம் கடன் குடு," என்றார்.

லெஸ்டர் வேலிக்கு அப்பால் ரூடியின் கராஜைப் பார்த்தார். நாலு வருஷமாக அந்த கராஜுக்குள் அவர் போனதில்லை.

லெஸ்டர் பரம்பரை ஃபோர்டுக்காரர்; போட்டிக் கம்பெனியான செவர்லே என்றாலே ஆகாது. பக்கத்து வீட்டு வாசலில் எழுபதாம் வருஷத்து செவர்லே ஒன்று துருவும் எலிக்கூடுமாக வந்து இறங்கிய அன்றைக்கே அறிவித்துவிட்டார்: "இது நிக்கிற இடத்துக்குள்ள என் ஷூகூட வராது."

மறுநாள் காலை கராஜ் வாசலில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் கோட்டுக்கு இந்தப் பக்கம் லெஸ்டர் பீர் டப்பாவோடு நிற்பார். அந்தப் பக்கம் ரூடி வேலை செய்வார். ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுதான் பேச்சு.

மற்ற நாட்களில் லெஸ்டர் சமையலறை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பனி கொட்டினாலும் மூட மாட்டார். பக்கத்து கராஜில் ஸ்பேனர் விழும் சத்தம் உள்ளே வரும். அவர் வீட்டில் அதைவிட்டால் வேறு சத்தம் இல்லை.

நாளைக் காலையோடு அதுவும் நின்றுவிடும்.

ரூடியின் வீடு விற்றாகிவிட்டது. மிச்சிகன் குளிரில் இனி ஒரு வருஷம்கூடத் தனியாக இருக்க வேண்டாம் என்று அரிசோனாவில் இருக்கும் மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். இந்த செவர்லேயில்தான் போகிறார். பிரேக் ஒன்றுதான் பாக்கி.

இன்று கோட்டருகே வந்ததும் லெஸ்டர் தயங்கி நின்றார்.

"ஷூதான வராதுன்ன? கழட்டிப் போட்டுட்டு வா," என்றார் ரூடி.

அப்படித்தான் அவர் இப்போது வெறும் சாக்ஸோடு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஷூ இரண்டும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன.

இரண்டாவது சக்கரத்திலிருந்து குரல் வந்தது. "ஃபோர்டுக்காரன் கால் பட்ட வண்டி. வழியில எந்த ஊர்ல நிக்கப்போகுதோ."

"நிக்கத்தானேய்யா பிரேக்கு. பேசாம வேலையப் பாரு."

கீழே இருமலும் சிரிப்புமாக ஏதோ கேட்டது.

மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது பெடலின் மெத்தென்ற தன்மை பெரும்பாலும் போயிருந்தது. லெஸ்டருக்குக் கழுத்து வலித்தது. நிமிர்ந்தவரின் கண், பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பட்டது.

கராஜ் துடைத்துவிட்டது போல் இருந்தது. கருவிகள் எல்லாம் பெட்டிகளுக்குள் போய்விட்டன. பின்சுவர் அலமாரியில் ஒன்று மட்டும் மிச்சம். துப்பாக்கி போல் ஒரு கைப்பிடி, அதன்மேல் சின்ன மீட்டர், சுற்றி வைத்த ரப்பர் குழாய்.

கைப்பம்ப்.

சக்கரத்துத் திருகில் மாட்டி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. தன் ஃபோர்டு மஸ்டாங்கை விற்கும்வரை லெஸ்டரும் ஒன்று வைத்திருந்தார். அது கையில் இருந்தால் பெடலை மிதிக்க ஆள் வேண்டாம். ஒருவரே போதும்.

"அழுத்து," என்றார் ரூடி.

லெஸ்டர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே அழுத்தினார்.

கடைசிச் சக்கரம் டிரைவர் பக்கம். திறந்த கதவின் அடியில் தரையில் ஒரு கண்ணாடிப் புட்டி தெரிந்தது. திருகிலிருந்து இறங்கிய மெல்லிய குழாய் அதிலிருந்த பிரேக் ஆயிலில் முங்கியிருந்தது. குமிழி வரும்வரை உள்ளே காற்று இருக்கிறது. குமிழி நின்றால் வேலை முடிந்தது.

"அழுத்து. பிடி."

குமிழிகள் கொத்தாக வந்தன.

"விடு. அழுத்து."

இரண்டு வந்தன. அடுத்த முறை ஒன்று.

அதற்கடுத்த முறை ஆயில் மட்டும் வந்தது.

அதன்பிறகும் ரூடி "அழுத்து" என்றார். பிறகு இன்னொரு தடவையும். புட்டிக்குள் ஒரு சலனமும் இல்லை. வாசலில் கிடந்த ஷூக்களுக்குள் மேப்பிள் இலைகள் விழுந்திருந்தன.

ரூடி திருகை மூடினார். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"பெடல் எப்படி இருக்கு?"

சாக்ஸுக்கு அடியில் பெடல் பாறை போல் நின்றது. முழு பலத்தையும் கொடுத்துப் பார்த்தார் லெஸ்டர். இம்மிகூட இறங்கவில்லை.

"இன்னும் மெத்துன்னுதான் இருக்கு," என்றார்.

சக்கரத்தடியில் ரூடி ஸ்பேனரை ஒரு துணியால் துடைத்தார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றார் ரூடி. "பின்னாடியிலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சுடுவோம்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பின்சக்கரத்துக்குப் போகிற வழியில் அலமாரி அருகே நின்றார். கையிலிருந்த அழுக்குத் துணியை விரித்து, போகிற போக்கில் போடுவது போல, அந்தப் பம்ப்பின் மேல் போட்டார்.

லெஸ்டர் கண்ணாடியை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"சொல்லுய்யா. அழுத்தட்டுமா?"