காலி ஜாரில் ஓடிய மிக்ஸி

வேலை மாற்றலாகி, கணவரை வீட்டில் தனியே விட்டு வெளியூர் போகும்போது, வீட்டிலிருந்த மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டிவி மூன்றுக்கும் புதுமாதிரி பிளக் மாட்டிவிட்டுப் போனாள் குழலி. எது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அங்கிருந்தே அவள் மொபைலில் தெரியும். அணைக்கவும் முடியும். கரண்ட் வீணாகக் கூடாதாம்.

முதல் வாரம் டிவி மட்டும்தான் ஓடியது.

"மிக்ஸியே ஓடலையே, தினமும் ஹோட்டலா? சட்டையும் கசங்கலோடதான் போறீங்களா?" என்று போனில் கேட்டாள்.

"நாளையிலேர்ந்து பாரு" என்றார் கணவர் மதியழகன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மிக்ஸி காலி ஜாரோடு சுற்றியது.

"என்ன அரைக்கிறே?" என்று அயர்ன் பாக்ஸ் கேட்டது.

"காத்தை. நீ?"

"சுவத்தைப் பாத்துக்கிட்டு சும்மா சூடாகிட்டு இருக்கேன். சட்டை அதோ மூலையில கெடக்கு."

"சத்தம் போடாதீங்க, அவர் நியூஸ் பாக்குறார்" என்று டிவி அதட்டியது. "இந்த வீட்டுல உருப்படியா வேலை செய்யறது நான் ஒருத்திதான்."

நான்கு நாள் இப்படியே போனது. மிக்ஸியின் அடிவயிற்றிலிருந்து கருகிய வாடை வந்தது.

ஐந்தாம் நாள், மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவி பட்டென்று அணைந்தது. வெளியூரிலிருந்து அணைத்தது குழலிதான். உடனே போனும் வந்தது. அவள் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் தினமும் ஒரே நேரத்துல ஓடுது. சட்டை தேய்க்கிறது நீங்க, சரி. அங்கே சட்னி அரைக்கிறது யாரு?"