பாப்பா முதலில்

"குழந்தை இருக்கிற குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன்மா. சாயங்காலமானா இந்தத் தெருவே பசங்க கூத்துதான். சத்தமில்லாத வீடு எனக்கு ஆகாது" என்றார் வீட்டுக்காரம்மா சகுந்தலா.

"ஒரே பொண்ணு ஆன்ட்டி. அபிதா. யுகேஜி" என்றாள் நளினி.

சிவகுரு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து அபிதா இறந்துபோயிருந்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டான். "ஏன் அப்படிச் சொன்னே?"

"இல்லைன்னு என் வாயால சொல்லணுமா?"

"பால் காய்ச்சுற அன்னிக்குக் கேட்பாங்களே."

"கேட்கட்டும்."

பால் காய்ச்சும் நாளில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சிவகுரு பாத்திரத்தோடு இறங்கினான். சகுந்தலா வாசலில் கோலம் போட்டு, கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்.

"நில்லுங்க தம்பி, அவசரப்படாதீங்க. முதல்ல பாப்பா வலது காலை எடுத்து வைக்கட்டும். அப்புறம்தான் நீங்க. எங்கே அவ?"

நளினி புடவையை ஒதுக்கிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்று, ஒரு சின்ன உடம்பு நுழையும் அளவுக்கு வழி விட்டாள். அவள் பார்வை வாசற்படியைத் தாண்டி, தரையோடு தரையாக மெல்ல உள்ளே போனது.

சகுந்தலா ஒன்றும் புரியாமல் சிவகுருவைப் பார்த்தார். அவன் சொல்ல வாயெடுத்தான். பிறகு பால் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அவனும் ஒதுங்கி நின்றான்.