மூன்றாவது கோல்கீப்பர்

அந்தமானின் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் சுதாகர். கிளப்புக்குப் புதுச் செக்ரட்டரி, மெயின்லேண்ட்காரர். அக்கரையில் ஃபுட்பால் ஃபைனல் தொடங்க அரை மணிதான் இருந்தது. ஃபெர்ரியும் போய்விட்டது. டீம் மொத்தமும் வாடகைப் படகில் ஏறிவிட, மூன்றாவது கோல்கீப்பர் தேவேந்திரன் மட்டும் கரையிலேயே நின்றான்.

“அடுத்த வருஷக் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுங்க சார், ஏறுறேன்.”

“மிரட்டுறியா? பெஞ்சைத் தேய்க்கிற நீ வராட்டி என்ன குடிமுழுகிப் போகுது? வீட்டுக்குப் போ!”

“டீக் ஹை சார்.”

சுதாகர் படகில் தாவி ஏறினார். “சலோ, எடுங்க!”

யாரும் அசையவில்லை.

“டிரைவர் எங்கப்பா?”

எல்லோரும் கரையைப் பார்த்தார்கள்.

தேவேந்திரன் சாவியை எடுத்தான்.

“நீங்க சொன்னபடி வீட்டுக்குத்தான் போறேன் சார். எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க, என் போட்டை எடுக்கணும்.”