முதலிடத்துக்கு வந்த ஆடு

குடியானவன் ஆஸ்பெர்ட் இறந்த மறுநாள் காலையில் அவன் வீட்டு வெள்ளாடு துள்ளிக்கொண்டிருந்தது. குடியானவன் ஒருவன் செத்தால், அவன் வீட்டு விலங்குகளில் மிகச் சிறந்தது பிரபுவுக்கு, அதற்கு அடுத்தது பாதிரியாருக்கு. அதுதான் அந்த ஊர் வழக்கம்.

"இன்றைக்கு என் தகுதி ஊருக்கே தெரிந்துவிடும் பாரடி!" என்று கோழியிடம் சொல்லிவிட்டு, ஆடு தன் கொம்புகளைச் சுவரில் தேய்த்துப் பளபளப்பாக்கியது.

பிரபுவின் காரியக்காரர் வந்து எருதை அவிழ்த்துக்கொண்டு போனார். பாதிரியார் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். ஆட்டை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?" என்றது கோழி.

ஆடு கொட்டிலைச் சுற்றிப் பார்த்தது. எருது நின்ற இடமும் காலி, பசு நின்ற இடமும் காலி. சட்டென்று அதற்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அடி அசடே, இனிமேல் இந்த வீட்டில் நான்தான் முதல்!" என்று கத்திக் குதித்தது.

அன்றைக்குப் பிரபுவின் வயலைக் கூலியில்லாமல் உழுது கொடுக்க வேண்டிய முறை. ஆஸ்பெர்ட்டின் மனைவி எருதின் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டின் முன்னால் நின்றாள்.

"பார்த்தாயா, மரியாதை தேடி வருகிறது!" என்று சொல்லி ஆடு கழுத்தை நீட்டியது.