முதல் பரிசு

"அக்கா, பாதியா ஆயிட்டீங்களே!" என்று அலுவலகமே கைதட்டியது. எடைக் குறைப்புப் போட்டியில் கணக்குப் பிரிவு அக்காவுக்குத்தான் முதல் பரிசு.

அலுவலக மருத்துவர் கோப்பையோடு மேடையேறினார். "நெஞ்செரிச்சல்னு புலம்பிட்டே இருந்தாங்க. முதல்ல உடம்பைக் குறைங்கன்னேன். குறைச்சுட்டாங்க! எப்படின்னு நீங்களே சொல்லுங்கம்மா."

அக்கா மைக்கை வாங்கினாள்.

"நான் எங்க டாக்டர் குறைச்சேன்? சாப்பாடு தொண்டையைத் தாண்டல. இப்ப தண்ணியும் தயங்கித்தான் இறங்குது. போன வாரம் வேற ஒரு ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பார்த்தாங்க. உணவுக்குழாயில புற்றுநோய்."

அக்கா மருத்துவர் பக்கம் திரும்பினாள்.

"பருமனும் தீராத நெஞ்செரிச்சலும் சேர்ந்தா இந்த ஆபத்து அதிகம்னு படிச்சவர்தானே நீங்க? வந்தப்ப எல்லாம் எடை மெஷின்ல ஏத்தினீங்க. உள்ள என்னன்னு பார்க்க ஒரு தடவைகூடவா தோணல?"